வலியில்லாத தோளும் ஒரு முகூர்த்தமும்

தோளில் ஆபரேஷன் ஆகி மூன்று நான்கு வாரம் ஆன ஒருவர் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்து, "இப்ப வலியே இல்லைங்க" என்று சிரித்தால், நீங்களும் சேர்ந்து சிரித்துவிடாதீர்கள். அந்த இடத்தில்தான் நம் வேலை ஆரம்பிக்கிறது. கட்டுப் போடுகிறவர்கள், பட்டை தைக்கிறவர்கள், கைகால் பயிற்சி கொடுக்கிறவர்கள் என்று இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லாரும் என்னைவிட நிறையப் படித்தவர்கள். எலும்புகளின் பெயரெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். நான் சொல்லப்போவது பெயர் வைக்காத விஷயம்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பள்ளிக்கூடத்தை விட்டேன் என்பதைவிட ஊரையே விட்டேன் என்பதுதான் சரி. லாரியில் கிளீனராக நாக்பூர் வரை போனேன். பம்பாயில் ஓட்டலில் தட்டு கழுவினேன். ஹூப்ளியில் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டேன். சில நாள் சாப்பாடு இருக்கும், சில நாள் இருக்காது. அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. கடைசியில் குரோம்பேட்டைக்கு வந்து தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்தபோது கால் வெந்துவிட்டது. அதைக் காட்டப் போன இடம்தான் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த அந்தச் சின்ன எலும்பு ஆஸ்பத்திரி. என் முறை வரும்வரை சும்மா இருக்க முடியவில்லை. பெஞ்சுக்கு அடியில் போலியோ குழந்தையின் கால் பட்டை ஒன்று அறுந்து கிடந்தது. எடுத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் வெளியே வந்து பார்த்தார்.

"உமக்கு வேலை ஏதும் இருக்காவே?"

"இருந்தா இங்க இன்னாத்துக்கு சார் குந்திகினு கீறேன்?"

அப்படித்தான் சேர்ந்தேன். நான் ஒரே இடத்தில் அதிக வருஷம் இருந்தது அங்கேதான். எண்பதுகளின் நடுவில் உள்ளே போனவன், தொண்ணூறுகள் முடிகிறபோது வெளியே வந்தேன். டாக்டர் என்னைவிட நாலைந்து வயது சின்னவர். குள்ளமான, எப்போதும் அவசரத்தில் இருக்கிற மனிதர். கோபம் வந்தால் ஆங்கிலம் வரும், கோபம் தணிந்தால் திருநெல்வேலித் தமிழ் வரும். எங்களுக்குள் யாரும் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. தப்பு நடந்தபோது ஒன்றாக உட்கார்ந்து விழித்தோம், அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். தசை எலும்பை இழுக்க வேண்டுமானால் நடுவில் ஒரு நார் வேண்டும். டாக்டர்கள் டெண்டன் என்பார்கள், புத்தகத்தில் தசைநாண் என்று போட்டிருக்கும், நம் சனங்களுக்கு உடம்பில் கிழிகிற எல்லாமே ஜவ்வுதான். தோளில் அந்த ஜவ்வு எலும்பிலிருந்து பிய்ந்து வந்துவிட்டால், எலும்பில் துளை போட்டு, தடித்த நூலால் இழுத்துக் கட்டுவார்கள். கட்டியதும் ஒட்டிவிட்டது என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஒட்டவில்லை. நூல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நூல் பிடித்திருக்கிற காலத்துக்குள் உடம்பு தன் பங்குக்கு வளர்ந்து நாரையும் எலும்பையும் ஒன்றாக்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். வலியோ சில வாரத்தில் ஓடிவிடும். வலி போன நாளுக்கும் ஒட்டிய நாளுக்கும் நடுவே இருக்கிற காலத்தில்தான் மனிதர்கள் தங்கள் தோளைத் தாங்களே பிய்த்துக்கொள்கிறார்கள்.

அனகாபுத்தூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஆபரேஷன் அருமையாக ஆகியிருந்தது. நாலாவது வாரம் வலி இல்லை என்று தானே கட்டை அவிழ்த்துவிட்டுக் கிணற்றில் ஒரு குடம் இறைத்தார். பழைய புடவையைக் கிழிக்கிற மாதிரி சத்தம் கேட்டதாம். அந்த நார் இரண்டாம் தடவை எலும்பில் உட்காரவே இல்லை. அதற்குப் பயந்து அடுத்து வந்தவரை உடம்போடு சேர்த்து இறுக்கிக் கட்டினோம். அவர் ஓய்வுபெற்ற அதிகாரி, சொன்னதைக் கேட்கிறவர். ஆறு வாரம் அசையவில்லை. அவிழ்த்தபோது தலை வாரக்கூடக் கை எழும்பவில்லை. "ஜவ்வு ஒட்டிடுச்சு சார், சந்தோஷம். ஆனா தோளும் சேந்து ஒட்டிடுச்சே" என்றார். டாக்டர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

அப்புறம்தான் அவர் வேறு வழிக்கு வந்தார். "கை சும்மா கெடக்கணும்வே, ஆனா தோள் சும்மா கெடக்கக் கூடாது" என்றார். அதாவது, நோயாளி தன் பலத்தில் ஓர் அங்குலம்கூடக் கையைத் தூக்கக் கூடாது. வேறொருவர் முழங்கையைத் தாங்கி, தினமும் மெதுவாகத் தூக்கி இறக்க வேண்டும். அப்போது நார் இழுபடாது, மூட்டும் இறுகாது, ஒட்டுகிற இடத்துக்கு ரத்தமும் போகும். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? தன் கையைத் தூக்காமல் அடுத்தவரிடம் ஒப்படைப்பது எவ்வளவு கஷ்டம் என்று சேகர் வந்தபிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சேகருக்குச் செம்பாக்கம். ரயில் பாதைக்கு மேலே போகிற மின்கம்பிகளைப் பழுது பார்க்கிற வேலை. நாள் முழுக்க ஏணியில் நின்று தலைக்கு மேலே கையை வைத்துக்கொண்டு செய்கிற வேலை. ஒரு நாள் ஓடுகிற பஸ்ஸின் படிக்கட்டுக் கம்பியைத் தாவிப் பிடித்தார். கால் வழுக்கியது, கை கம்பியை விடவில்லை. உடம்பு முழுவதும் அந்த ஒரு தோளில் தொங்கியது. வலது தோள் ஜவ்வு எலும்பிலிருந்து பிய்ந்துவிட்டது. தோள் சரியாகவில்லை என்றால் அவரை ஏணியிலிருந்து இறக்கி, ஏதாவது ஆபீசில் கோப்பு தூக்குகிற வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த ஏணிக்காக அவர் ஏழு வருஷம் காத்திருந்தவர்.

ஆபரேஷன் முடிந்து, கையைப் பக்கவாட்டில் நீட்டி வைக்கிற ஏரோப்பிளேன் கட்டுப் போட்டு அனுப்பினோம். செம்பாக்கம் ஏரிக்கரையில் நடந்தால் பையன்கள் பின்னாலேயே வருவார்களாம். "அண்ணா, மீனம்பாக்கம் அந்தாண்ட!" என்று விமான நிலையத்துக்கு வழி காட்டுவார்களாம். தோளைக் காட்ட வந்தபோது சேகரும் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவருடைய அம்மா.

"சார், இந்த மாசக் கடைசியில இவனுக்கு முகூர்த்தம். பத்திரிகை குடுத்தாச்சு."

"தள்ளிப் போடுங்கம்மா" என்றார் டாக்டர்.

"தள்ளினா ஆடி வந்துடும். அப்புறம் ஆவணிதான். ஏன் தள்றீங்கன்னு பொண்ணு வீட்ல கேப்பாங்க."

"ஆபரேஷன்னு சொல்லுங்க."

அந்த அம்மா மகனைப் பார்த்தார். அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. பெண் வீட்டுக்கு விஷயமே தெரியாது. மாப்பிள்ளை வெளியூர் டூட்டியில் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். கையில் கோளாறு என்று தெரிந்தால் சம்பந்தம் நின்றுவிடும், அதோடு வேலையும் போகப்போகிறது என்ற பேச்சு பரவிவிடும் என்பது அவருடைய பயம். "அன்னிக்கு ஒரு நாள் மட்டும் கட்டை எடுத்துடுங்க சார். அவனுக்குத்தான் வலியே இல்லையே" என்றார்.

டாக்டர் ஆங்கிலத்தில் ஐந்து நிமிஷம் பேசினார். அந்த அம்மா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். முடிந்ததும், "அப்ப எடுத்துடலாமா சார்?" என்றார். டாக்டர் என் பக்கம் திரும்பினார். "என்னவே செய்யலாம்?"

நான் ஸ்பாஞ்சும் தோலும் வைத்து ஒரு சின்னத் தலையணை தைத்தேன். அக்குளுக்கும் இடுப்புக்கும் நடுவில் உட்கார்ந்து கையைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருக்கும். மேலே தளர்வான கோட்டுப் போட்டால் வெளியே தெரியாது. ஆனால் தலையணை கையைத் தாங்குமே தவிர, மனிதனைத் தடுக்காது. அதனால் டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார். கல்யாணத்தில் நான் சேகர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாருன்னு சொல்றது?"

"சித்தப்பான்னு சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"எங்க சொந்தக்காரங்க எல்லாரையும் அவங்களுக்குத் தெரியும்."

"பெங்களூர் சித்தப்பான்னு சொல்லுங்களேன்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி. ஆனா வாயை மட்டும் திறக்காம இருக்கச் சொல்லுங்க" என்றார். நான் அங்கேயே நிற்க, யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்கிற மாதிரி டாக்டரிடம் சொன்னார். என் மெட்ராஸ் பேச்சை அவர் கேட்டிருந்தார் அல்லவா.

மண்டபம் மேற்குத் தாம்பரத்தில். முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு. எனக்குப் பட்டு வேட்டி இரவல் கொடுத்திருந்தார்கள். வரவேற்பில் என்ன ஆபத்து என்று நீங்கள் நினைக்கலாம். கை குலுக்கல்தான்! மேடை ஏறுகிற ஒவ்வொருவரும் மாப்பிள்ளையின் வலது கையைப் பிடித்து உலுக்குவார்கள். சந்தோஷம் கூடக் கூட உலுக்கலும் கூடும். அதனால் சேகரின் வலது கையில் பெரிய பூச்செண்டு ஒன்றைக் கொடுத்து, விடாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். வந்தவர்கள் கையைப் பார்த்தார்கள், பூவைப் பார்த்தார்கள், கும்பிட்டுவிட்டுப் போனார்கள். வேலை சுலபமாகப் போய்க்கொண்டிருந்தது. நானும் பூரிப்பாக நின்றேன்.

பெண்ணின் அப்பா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "பெங்களூர்ல எங்க இருக்கீங்க?"

எனக்குத் தெரிந்த பெங்களூர், சிட்டி மார்க்கெட் நடைபாதை ஒன்றுதான். ஒரு மழைக்காலம் முழுக்க அங்கே படுத்திருக்கிறேன். "மார்க்கெட் பக்கம்" என்றேன்.

"பிசினஸா?"

"ஆமா."

"நல்ல இடமாச்சே! சொந்த எடமா?"

தலையை எல்லாப் பக்கமும் ஆட்டிவைத்தேன்.

பெண்ணின் பெயர் கோமதி. தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் தையலைச் சரிபார்க்கிற வேலை. மேடையில் சிரித்தபடிதான் நின்றாள். ஆனால் அவள் கண் அடிக்கடி அந்தப் பூச்செண்டுக்குப் போய் வந்ததை நான் பார்த்தேன். சேகர் ஜூஸை இடது கையால் வாங்கினார். நெற்றி வியர்வையை இடது கையால் துடைத்தார்.

கூட்டம் பந்திக்குக் கிளம்பி, பாட்டுக் கச்சேரிக்காரர்கள் காபி குடிக்க இறங்கிய நேரத்தில், சேகரோடு வேலை பார்க்கிற ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்து சேர்ந்தார்கள். எல்லாரும் கம்பத்தில் ஏறுகிற ஆட்கள். கையெல்லாம் முறுக்குக் கம்பி. "மச்சான்!" என்று கத்திக்கொண்டே மேடைக்குத் தாவினார்கள். ஒருவன் பூச்செண்டைப் பிடுங்கிச் சோபாவில் போட்டான். இன்னொருவன், "மாப்ளைய தூக்குங்கடா!" என்று சேகரின் வலது அக்குளுக்குக் கையைக் கொண்டுபோனான்.

நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஏனென்றால் அந்த வட்டாரத்தில் பல வருஷம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

"டேய்! கையை வுடுடா கஸ்மாலம்! தோள்ள ஆபரேசன் பண்ணிக்கீது! ஜவ்வு இன்னும் ஒட்டல, பிச்சுகினு வந்துடும்!"

அவன் நெருப்பைத் தொட்ட மாதிரி கையை எடுத்தான். சேகரின் அம்மா ஓரத்தில் நின்றபடி கண்ணால் என்னைக் கொன்றுகொண்டிருந்தார். கோமதி என் பக்கம் திரும்பினாள்.

"சித்தப்பா, பெங்களூர்ல இப்படித்தான் பேசுவாங்களா?"

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். பொய் சொல்ல எனக்கு வழி இருந்தது. சின்ன அடி, சுளுக்கு என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். நண்பர்கள் காப்பாற்றியிருப்பார்கள். அம்மாவின் கண்ணும் அதைத்தான் கேட்டது. அது அவர்கள் குடும்ப விஷயம், நான் கட்டுப் போடுகிறவன், எனக்கென்ன? ஆனால் மறுநாள் காலையில் சேகர் தாலி கட்ட வேண்டும். இரண்டு கையும் பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் போக வேண்டும். அந்த நேரத்தில் பூச்செண்டு உதவாது. நான் மணவறைக்குள் நுழைய முடியாது. அந்த முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கப்போகிற ஒரே ஆள் இவள். இவளுக்குத் தெரியாமல் அந்தத் தோளைக் காப்பாற்ற முடியாது. சொன்னால் கல்யாணம் நிற்கலாம். சொல்லாவிட்டால் தோள் போகலாம். நான் தோளுக்காக வந்தவன்.

"ஒரு அஞ்சு நிமிசம் இப்டி வாம்மா" என்றேன்.

மேடைக்குப் பின்னால் காய்கறி அடுக்கி வைத்திருந்த அறை. பூசணிக்காய்களுக்கு நடுவில் நான், கோமதி, சேகர் என்று மூன்று பேர் நின்றோம். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவருக்குக் கை வராதா?"

"வரும்மா. நாம கெடுக்காம இருந்தா வரும்."

"இப்ப வலிக்குதா?"

"வலியே இல்ல. அதாம்மா பேஜாரே."

"நூல் அறுந்துடுமா?"

"நூல் அறுவாது. நூலு புடிச்சிக்கிற எடத்துல சதை கிழியும்."

"புரியுது" என்றாள். "பட்டனைப் புடிச்சு இழுத்தா துணியோடதான் பிச்சுகிட்டு வரும்." அப்புறம் சேகரைப் பார்த்தாள். "நிச்சயத்துக்கு அப்புறம் எத்தனை தடவை போன்ல பேசினீங்க? வேலை ஜாஸ்தி, வெயில் ஜாஸ்தின்னீங்க. இதைச் சொல்ல வாய் வரலையா?"

"அம்மாதான் சொல்ல வேணாம்னு…"

"அப்ப நாளைக்குத் தாலியையும் அம்மாவையே கட்டச் சொல்லுங்க."

நான் பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சேகர் தாழ்ந்த குரலில் சொன்னார். "அம்மா மட்டும் இல்ல. எனக்கும் பயம். இந்தக் கை வரலேன்னா என்னை ஏணியில ஏத்த மாட்டாங்க. அப்புறம் நான் யாருன்னு எனக்கே தெரியல. உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

கோமதி கழுத்து மாலையைக் கழற்றி ஒரு கூடையின் மேல் வைத்தாள். போய்விடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். டாக்டரிடம் என்ன சொல்வது என்றுகூட மனதுக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

"முடிச்சுப் போட கை எவ்வளவு தூரம் மேல வரணும்?"

என் தோளில் கிடந்த துண்டைக் கொடுத்தேன். அதுதான் தாலிக்கயிறு. ஒரு கவிழ்த்த கூடையில் அவளை உட்காரவைத்து, சேகரை எதிரில் முட்டிபோட வைத்து ஒத்திகை பார்த்தோம். அவள் தன் உள்ளங்கையை அவருடைய முழங்கைக்கு அடியில் கொடுத்தாள்.

"தூக்காதம்மா. தாங்கு. கையோட கனம் மொத்தமும் உன் கைக்கு வரணும்."

"வரலியே. கல்லு மாதிரி வெச்சிருக்காரு."

உண்மைதான். சேகர் தன்னை அறியாமல் தானே தூக்கிக்கொண்டிருந்தார். விடுங்க என்றேன், விட்டுட்டேன் என்றார். விடவில்லை. இரண்டாம் தடவையும் அப்படித்தான். தோளுக்கு மேலே விரலை வைத்துப் பார்த்தால் தசை இறுகியே இருந்தது. இப்படியே போனால் நாளைக்கு அந்த நூலைச் சோதித்துப் பார்த்துவிடுவார்.

"சேகர், என்கூட வாழ்றேன்னு வந்துட்டு, ஒரு கையைக்கூடக் குடுக்க மாட்டீங்களா?" என்றாள் கோமதி. முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

சேகர் மூச்சை விட்டார். கை இறங்கியது. அவள் உள்ளங்கை கொஞ்சம் தாழ்ந்து, பிறகு நின்றது. "அப்பா! இவ்ளோ கனமா?" என்றாள்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு சேகரின் அம்மா வந்தார். பெண்ணைத் தேடுகிறார்கள் என்று ஆரம்பித்தவர், முட்டிபோட்டிருந்த மகனையும் துண்டையும் பார்த்து நின்றுவிட்டார்.

"அத்தை, நாளைக்கு மாலை மாத்தும்போது அவர் பக்கத்துலயே நில்லுங்க. அவர் மாலையை நீங்களே தூக்கிப் போட்டுடுங்க. அவர் சும்மா தொட்டா போதும்" என்றாள் கோமதி. "எங்க அப்பாகிட்ட நான் அப்புறம் சொல்லிக்கறேன்."

அந்த அம்மா தலையை ஆட்டினார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த வண்டியில் பெங்களூருக்கே போய்விடு என்று சொல்கிற பார்வை.

காலையில் மணவறைக்குப் போகுமுன் சேகர் என் காதில், "அண்ணே, துளிகூட வலி இல்ல. ஒரே ஒரு தடவை நானே தூக்கிட்டா என்ன ஆயிடும்?" என்றார். "ஒண்ணும் ஆவாது. அப்புறம் ஆபீசுல ஃபைல் தூக்கலாம்" என்றேன்.

மாலை மாற்றுவது நன்றாக நடந்தது. அம்மா மாலையைப் போட்ட வேகத்தில் பெண்ணின் நெற்றிச்சுட்டி மட்டும் கழன்றது. கெட்டிமேளம் கொட்டியதும் கூட்டம் முன்னால் நெருக்கியது. அட்சதை பறந்தது. சேகர் தாலியை எடுத்துக் குனிந்தார். கோமதி கை நீட்டி அவருடைய முழங்கையைத் தாங்கினாள். பின்னாலிருந்து யாரோ ஓர் அத்தை, "கையைக் கீழ வைடி, என்ன பழக்கம் இது?" என்று அதட்டினார். கோமதி வைக்கவில்லை. போட்டோ எடுப்பவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "மேடம், கையை எடுங்க, தாலி மறைக்குது" என்றார். எடுக்கவில்லை. முதல் முடிச்சு ஒரு தடவை நழுவியது. தோளுக்கு வேலை கொடுத்துவிடுவாரோ என்று நான் கூட்டத்துக்கு மேலே எட்டிப் பார்த்தேன். கோமதி நிமிராமல், உதடு அசையாமல், "குடுங்க" என்றாள். கை மறுபடி அவள் உள்ளங்கையில் இறங்கியது. முடிச்சு விழுந்தது. மற்ற இரண்டு முடிச்சையும் சேகரின் அக்கா போட்டார்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். நூல், பட்டை, தலையணை எல்லாம் நல்லதாகவே இருக்கட்டும். நோயாளி வீட்டுக்குப் போனபிறகு அந்தக் கைக்குப் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று முதலில் கேளுங்கள். அந்த ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லுங்கள். உள்ளே நூல்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது, இன்னும் ஒட்டவில்லை, வலி இல்லை என்பதை நம்பாதே என்று சொல்லுங்கள். நோயாளிக்கு நூறு தடவை சொல்வதைவிட அந்த ஆளுக்கு ஒரு தடவை சொல்வது பலன் தரும். குடும்பத்தில் யாருக்குக் கோபம் வந்தாலும் வரட்டும். கோபம் தானே ஆறிவிடும்.

கல்யாணத்துக்குப் பிறகு தினமும் காலையில் கம்பெனிக்குப் போகுமுன் கோமதி அவர் கையைத் தூக்கி இறக்கினாள். வாரம் ஒரு முறை இருவரும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். ஒரு நாள் டாக்டர் தோளை அழுத்தி, திருப்பி, ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சரி, இனிமே நீங்களே தூக்கலாம்" என்றார். "அம்மா, நீங்க கையை எடுங்க."

கோமதி கையை எடுத்தாள். சேகர் தூக்கினார். கை எழவில்லை.

மறுபடி முயன்றார். விரல் மட்டும் அசைந்தது. சேகரின் முகத்தில் ரத்தமே இல்லை. டாக்டர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பிய்ந்துவிட்டதா? எப்போது? டாக்டர் தோளுக்கு மேலே இரண்டு விரலை வைத்து, இன்னொரு தடவை தூக்கச் சொன்னார். பிறகு என் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னார்: "நார் இருக்குவே. இந்த ஆளு தூக்கவே இல்ல. பயப்படுதாரு."

தூக்காதே, தூக்காதே என்று நாங்கள்தானே இத்தனை நாள் ஓதியிருந்தோம்! கை அதை அப்படியே பிடித்துக்கொண்டது. டாக்டர் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு ஆங்கிலம் வர ஆரம்பித்தது. சேகருக்கு இன்னும் வியர்த்தது. இந்தக் கை ஏணி ஏறப்போவதில்லை என்று அவர் மனதில் எழுதிக்கொண்டது எனக்கே தெரிந்தது.

கோமதி நாற்காலியை நகர்த்தி அவருக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். "உயரத்துல வேலை செய்யற மாப்பிள்ளைன்னு சொல்லித்தான் எனக்குக் கட்டி வெச்சாங்க. வந்த நாள்லேர்ந்து பாக்கறேன், உங்க வீட்டு ஃபேன்ல ஒரு இஞ்ச் அழுக்கு. உங்க அம்மா அதை என்னைத்தான் தொடைக்கச் சொல்றாங்க. நீங்க எப்பத்தான் தொடைக்கப் போறீங்க?"

சேகர் சிரித்துவிட்டார். அடக்க முடியாமல் சிரித்தார். சிரிப்பில் தோள் குலுங்கியது, கழுத்து இளகியது, கை மடியிலிருந்து கிளம்பியது. மார்பு வரை வந்தது. தோள் வரை வந்தது. கொஞ்சம் நடுங்கி, நின்று, காதைத் தாண்டியது.

"போதும்வே, போதும்! மெதுவா எறக்கும்" என்றார் டாக்டர்.

சேகர் டாக்டரைப் பார்க்கவில்லை. கை மேலேயே இருக்க, கோமதியிடம் கேட்டார்.

"ஈரத்துணியா, காஞ்ச துணியா?"